33 உயிர் குடித்த மண்மேடு: போல்டன் கால்பந்து மைதானத்தின் 102 ஆண்டு கதை

மைதானத்தின் ஓரத்தில் வரிசையாகப் பிணங்கள். பிணங்களின் மேல் கோட்டுகள். அதற்குப் பக்கத்திலேயே மரத்தூளைக் கொட்டிப் புதுக்கோடு போட்டு, 22 பேர் பந்து உதைத்து ஆடிக்கொண்டு இருந்தார்கள்.

இது சினிமாவில் வரும் காட்சி அல்ல. 1946-ம் ஆண்டு மார்ச் மாதம் 9-ந்தேதி சனிக்கிழமை, இங்கிலாந்தில் போல்டன் நகரத்தில் நடந்த சம்பவம். மைதானத்தின் பெயர் பர்ண்டன் பார்க். நெரிசலில் சிக்கிச் செத்தவர்கள் 33 பேர்.

இன்று அந்த மைதானம் இல்லை. இடித்து, மண்ணைச் சமப்படுத்தி, கடைகள் கட்டிவிட்டார்கள்.

நம் கோயம்புத்தூரை "தென்னிந்தியாவின் மான்செஸ்டர்" என்று சொல்லுகிறோம் அல்லவா? அந்த அசல் மான்செஸ்டருக்குப் பக்கத்து ஊர்தான் போல்டன். 16 கிலோ மீட்டர் தூரம். இதுவும் பஞ்சாலை ஊர். நூல் நூற்கும் எந்திரங்களில் பேர் பெற்ற "மியூல்" எந்திரத்தை 1779-ல் சாமுவேல் கிராம்டன் செய்து முடித்தது இந்த ஊரில்தான். வாரம் முழுக்க மில்லில் தறியோடும் கதிரோடும் மல்லுக்கட்டும் தொழிலாளிக்கு, சனிக்கிழமை மத்தியானம் வந்தால் பந்தாட்டம். அதுதான் பொழுதுபோக்கு, அதுதான் திருவிழா.

பாதிரியாருடன் தகராறு

இந்த ஊர் கிளப்பின் பெயர் "போல்டன் வாண்டரர்ஸ்". போல்டன் நாடோடிகள் என்று அர்த்தம். பெயர் வந்த கதை வேடிக்கையானது.

1874-ல் ஒரு சர்ச் பள்ளிக்கூடத்துப் பையன்கள் சேர்ந்து ஆரம்பித்த கிளப் இது. கிளப் எப்படி நடக்க வேண்டும் என்பதில் பாதிரியார் ரொம்பவே மூக்கை நுழைத்தார். 1877-ல் சண்டை முற்றிவிட்டது. "உங்கள் இடமும் வேண்டாம், உங்கள் பெயரும் வேண்டாம்" என்று பையன்கள் வெளியே வந்துவிட்டார்கள். ஆட சொந்த இடம் இல்லை. இன்று இந்தப் பொட்டல், நாளை அந்தப் பொட்டல் என்று அலைந்தார்கள். அதனால் நாடோடிகள் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

1881-ல் பைக்ஸ் லேன் என்ற இடத்தில் ஒரு மைதானம் கிடைத்தது. 1888-ல் இங்கிலாந்தில் கால்பந்து லீக் போட்டி தொடங்கியபோது சேர்ந்த முதல் 12 கிளப்களில் போல்டனும் ஒன்று. 1895-ல் பர்ண்டன் பகுதிக்குக் குடி போனார்கள்.

புது மைதானத்தை ஒட்டியே ரெயில் பாதை ஓடியது. பாதைப் பக்கம் இருந்த மண்மேட்டில் படி படியாக வெட்டி, ஜனங்கள் நின்று பார்க்க இடம் ஒதுக்கினார்கள். உட்கார இருக்கை கிடையாது. காசு குறைந்த ஆசாமிகள் நிற்கும் இடம். "ரெயில்வே எண்டு" என்றும், "எம்பாங்க்மெண்டு" என்றும் சொல்லுவார்கள். பின்னால் 33 பேரைக் காவு வாங்கியது இந்த மண்மேடுதான்.

விற்காமல் போன பை

கூட்டத்தால் கெட்ட பெயர் வாங்கிய இந்த மைதானம், முதல் முதலில் ஊர் சிரிக்க ஆளானது கூட்டம் வராததால்.

1901-ம் ஆண்டு. எப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் டோட்டன்ஹாமும் ஷெப்பீல்டு யுனைடெட்டும் லண்டனில் மோதின. 1 லட்சத்துக்கும் மேலே ஜனம். 2-2 என்று சமநிலை. மறு ஆட்டத்தை ஏப்ரல் 27-ந்தேதி போல்டனில் வைத்தார்கள்.

ஊரே குஷி ஆகிவிட்டது. லட்சம் பேர் வரப்போகிறார்கள் என்று கடைக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். "பை" என்று ஒரு பலகாரம் உண்டு. மாவுக்குள் கறி வைத்துச் சுட்டது. பந்தாட்டம் பார்க்கப் போகிறவன் கையில் அது இல்லாமல் இருக்காது. அதை மலை மலையாகச் சுட்டு அடுக்கினார்கள்.

ஆனால் போல்டன் ரெயில் நிலையத்தில் அப்போது கட்டிட வேலை நடந்துகொண்டு இருந்தது. சலுகைக் கட்டணத்தில் ஸ்பெஷல் டிக்கெட் தர முடியாது என்று ரெயில்வே கம்பெனி கையை விரித்துவிட்டது. வந்தவர்கள் 20 ஆயிரத்து 470 பேர்தான். டோட்டன்ஹாம் 3-1 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. கடைக்காரர்கள் பாவம், அவ்வளவு பையையும் வைத்துக்கொண்டு முழித்தார்கள். அந்த நாளுக்கு "பை சனிக்கிழமை" என்றே பெயர் நிலைத்துவிட்டது.

வெள்ளைக்குதிரை

1920-களில் போல்டன் கொடி கட்டிப் பறந்தது. 1923, 1926, 1929 என்று மூன்று தடவை எப்.ஏ. கோப்பை.

இதில் 1923-ம் ஆண்டு இறுதி ஆட்டம் இந்தக் கதைக்கு முக்கியம். லண்டனில் வெம்பிளி மைதானம் புதிதாகத் திறந்த சமயம். போல்டனும் வெஸ்ட் ஹாமும் மோதின. முன்கூட்டியே டிக்கெட் விற்றுக் கூட்டத்தைக் கட்டுப்படுத்தவில்லை. கணக்கில் வந்தவர்கள் மட்டும் 1 லட்சத்து 26 ஆயிரம் பேர். சுவர் ஏறிக் குதித்தவர்கள் எத்தனை பேர் என்று யார் கண்டது? ஆட்டக்களமே தெரியவில்லை. தலை, தலை, எங்கு பார்த்தாலும் தலை. ஜார்ஜ் ஸ்கோரி என்ற போலீஸ்காரர் "பில்லி" என்ற வெள்ளைக்குதிரையில் ஏறி, கூட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரம் தள்ளினார். பிறகுதான் ஆட்டம் நடந்தது. போல்டன் 2-0 என்று ஜெயித்தது.

அன்று யாரும் சாகவில்லை. காயத்தோடு போயிற்று. ஆனாலும் அரசாங்கம் பயந்து ஒரு கமிட்டி போட்டது. கமிட்டி 1924-ல் அறிக்கை கொடுத்தது. கால்பந்து சங்கம் அந்தக் கமிட்டி முன்பு வந்து சாட்சி சொல்லக்கூட இல்லை. சட்டம் எதுவும் வரவில்லை. மைதானத்தைக் கிளப்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

பர்ண்டன் பார்க்கிலும் கூட்டத்துக்குக் குறைவு இல்லை. 1933-ம் ஆண்டு பிப்ரவரி 18-ந்தேதி மான்செஸ்டர் சிட்டியுடன் நடந்த கோப்பை ஆட்டத்துக்கு 69 ஆயிரத்து 912 பேர் வந்தார்கள். அந்த மைதானத்தில் டிக்கெட் கணக்குப்படி அதுதான் சாதனை.

சண்டைக்குப் போன ஆட்டக்காரர்கள்

1939 ஏப்ரலில், போர் வரப்போகிறது என்று தெரிந்த நேரம். போல்டன் அணி கேப்டன் ஹாரி கோஸ்லின், ஆட்டத்துக்கு முன்பு மைதானத்தில் நின்று ஜனங்களிடம் பேசினார். நாட்டுக்காக முன்வாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். பேச்சோடு நிற்கவில்லை. அவரும் கூட ஆடியவர்களும் பட்டாளத்தில் பேர் கொடுத்தார்கள். பீரங்கிப் படையில் ஒன்றாகவே சேர்ந்தார்கள். கோஸ்லின் திரும்பி வரவில்லை. 1943 டிசம்பரில் இத்தாலி போர்முனையில் அடிபட்டு இறந்தார்.

போர் 1945-ல் முடிந்தது. ஆறு வருஷமாக நிஜமான கோப்பை ஆட்டம் பார்க்காத ஜனம். வயிறு காய்ந்தவன் பந்தியில் உட்கார்ந்த மாதிரி எப்.ஏ. கோப்பைக்குத் திரண்டார்கள்.

1946 மார்ச்சில் கால் இறுதி ஆட்டம் போல்டனுக்கும் ஸ்டோக் சிட்டிக்கும். அந்த வருஷம் மட்டும் கால் இறுதி வரை ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு ஆட்டம். ஸ்டோக் ஊரில் நடந்த முதல் ஆட்டத்தில் போல்டன் 2-0 என்று ஜெயித்திருந்தது. இரண்டாவது ஆட்டம் சொந்த ஊரில். அரை இறுதி கைக்கு எட்டிய தூரம். போதாததற்கு ஸ்டோக் அணியில் ஸ்டான்லி மாத்யூஸ் ஆடுகிறார். அந்தக் காலத்தில் அவர் பந்தைக் கடத்திக்கொண்டு போவதைப் பார்க்கவே தனிக் கூட்டம் வரும்.

பூட்டிக்கிடந்த வழி

மைதானத்தில் ஒரு பக்கத்து கேலரியைப் போர்க்காலத்தில் அரசாங்கம் சரக்கு வைக்க எடுத்துக்கொண்டது. போர் முடிந்து மாதங்கள் ஆகியும் காலி செய்து கொடுக்கவில்லை. அதனால் அந்தப் பக்கத்து சுழல் கதவுகள் பூட்டியே கிடந்தன. மண்மேட்டுக்குப் போக இருந்தது ஒரே பக்கத்து வழி. எல்லாரும் அந்த ஒரு மூலை வழியாகத்தான் நுழைய வேண்டும்.

இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால், பிறகு நடந்தது எல்லாம் புரியும்.

பகல் ஒரு மணியில் இருந்தே ஜனம் குவிந்தது. இரண்டரை மணிக்கு மண்மேட்டின் மூலையில் எள் போட்டால் எள் விழாது. பகல் 2.40-க்கு சுழல் கதவுகளை மூடினார்கள். வெளியே இன்னும் ஆயிரக்கணக்கில் நிற்கிறார்கள். உள்ளேயோ ஆட்டம் தொடங்கப்போகிற ஆரவாரம். வெளியே நின்றவர்கள் கேட்பார்களா? சுழல் கதவு மேலேயே ஏறிக் குதித்தார்கள். ரெயில் பாதைக்கு ஓடி, பாதை ஓரத்து வேலியைத் தாண்டி மண்மேட்டில் இறங்கினார்கள்.

உள்ளே ஒரு தகப்பனார், தன் மகனுடன் மாட்டிக்கொண்டார். நெரிசல் தாங்க முடியவில்லை. பையனை வெளியே கொண்டுபோனால் போதும் என்று, பூட்டியிருந்த ஒரு வாசலின் பூட்டை எப்படியோ திறந்தார். இரண்டு பேரும் வெளியே தப்பினார்கள். ஆனால் திறந்த வாசல் வழியாக வெளியே நின்ற கூட்டம் திமுதிமு என்று உள்ளே பாய்ந்தது.

பிள்ளையைக் காப்பாற்றத் துடித்த தகப்பனைக் குற்றம் சொல்ல யாருக்கு வாய் வரும்? நெரிசல் என்றால் வெளியே போக ஒரு வழி இருக்க வேண்டும். வழி இல்லாததால்தான் பூட்டில் கை வைத்தார்.

அன்று டிக்கெட் கணக்கில் வந்தவர்கள் 65 ஆயிரம் பேர். உண்மையில் இருந்தவர்கள் 85 ஆயிரம் பேர் என்று மதிப்பிட்டார்கள்.

12 நிமிஷம்

3 மணிக்கு ஆட்டம் தொடங்கியது. மண்மேட்டில் மேலே இருந்து அலை அலையாகத் தள்ளு. கீழ்ப்பக்கம் கூட்டத்தைத் தாங்க இரும்புத் தடுப்புகள் உண்டு. அதில் இரண்டு தடுப்புகள் வளைந்து சாய்ந்தன. தடுப்போடு அழுந்தி நின்றவர்கள் முன்னால் விழுந்தார்கள். அவர்கள் மேல் அடுத்த வரிசை. அதற்கு மேல் அடுத்த வரிசை.

மூச்சு விட இடம் இல்லாமல், நின்ற நிலையிலேயே சிலர் உயிர் போய்விட்டது.

12 நிமிஷம் ஆட்டம் நடந்தபிறகு போலீஸ்காரர்கள் நடுவரிடம் விஷயத்தைச் சொன்னார்கள். நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, இரண்டு அணியையும் உள்ளே அனுப்பினார். நசுங்கிக் கிடந்தவர்களைப் புல்தரைக்குத் தூக்கி வந்தார்கள். உயிர் உள்ளவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். உயிர் போனவர்களை அங்கேயே கிடத்திக் கோட்டுகளால் மூடினார்கள்.

காயம் அடைந்தவர்கள் நூற்றுக்கணக்கான பேர்.

மீண்டும் ஆட்டம்

சுமார் அரைமணி நேரம் கழித்து ஆட்டத்தை மீண்டும் தொடங்கினார்கள்.

படிக்கிறவர்களுக்கு ரத்தம் கொதிக்கும். ஆனால் அதிகாரிகளுக்கு ஒரு காரணம் இருந்தது. மைதானத்தின் மறுபக்கம் நின்ற பல ஆயிரம் பேருக்கு ஆள் செத்த விஷயமே தெரியாது. ஆட்டம் ரத்து என்று அறிவித்தால் 80 ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள், கலாட்டா வரும், ஆம்புலன்சு வண்டி போக வழி இருக்காது என்று பயந்தார்கள். அந்தப் பயம் பொய் என்று தள்ளிவிட முடியாது.

மண்மேட்டில் இருந்து இறங்கி வந்தவர்கள் களத்தின் ஓரத்தில் நின்றதால் பழைய கோடு மறைந்துபோனது. மரத்தூளைக் கொட்டிப் புதுக்கோடு போட்டார்கள். இடைவேளை இல்லை. பாதி ஆட்டம் முடிந்ததும் பக்கம் மாறி உடனே ஆடினார்கள். யாரும் கோல் போடவில்லை. 0-0.

போல்டன் அணியில் அன்று ஆடியவர்களில் ஒருவர் நாட் லாப்ட்ஹவுஸ். வயது 20. உள்ளூர்ப் பையன். போர்க்காலத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பிற்காலத்தில் இங்கிலாந்து அணிக்கே நட்சத்திர ஆட்டக்காரர் ஆனார். லீக் ஆட்டங்களில் மட்டும் போல்டனுக்காக 255 கோல்கள். கடைசி வரை வேறு கிளப்புக்குப் போகாதவர்.

போல்டன் அரை இறுதிக்குப் போனது. இரண்டு வாரம் கழித்து சார்ல்டன் அணியிடம் 2-0 என்று தோற்றது. அந்தத் தோல்விக்காக ஊரில் யாரும் அழுதிருக்க மாட்டார்கள். அழ வேறு காரணம் 33 இருந்தது.

செத்தவர்கள் குடும்பத்துக்கு நிதி திரட்டினார்கள். அதற்காக 1946 ஆகஸ்டில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மான்செஸ்டரில் ஒரு ஆட்டம் ஆடின.

வக்கீல் சொன்ன யோசனை

உள்துறை மந்திரி சூட்டர் ஈட் ஒரு விசாரணைக் கமிஷன் வைத்தார். விசாரித்தவர் மோல்வின் ஹியூஸ் என்ற பெரிய வக்கீல்.

கட்டிடம் இடிந்து விழவில்லை, தீப்பிடிக்கவில்லை, கலவரம் இல்லை. சும்மா நின்ற கூட்டம் தன்னைத்தானே நசுக்கிக்கொண்டது. வக்கீலுக்குப் புதிராக இருந்ததும் அதுதான். ஆனால் அவர் சொன்ன யோசனைகளில் புதிர் எதுவும் இல்லை. ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை பேர் நிற்கலாம் என்று அளந்து முடிவு செய்யுங்கள். சுழல் கதவில் எந்திரம் வைத்து எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை வந்ததும் மூடுங்கள். மைதானத்துக்கு உள்ளாட்சி லைசென்சு இல்லாமல் ஆட்டம் நடத்தக்கூடாது.

ஒரு சினிமாக் கொட்டகைக்கு இருக்கிற கட்டுப்பாடுதான் இது. அதைச் செய்தார்களா?

செய்யவில்லை. போர் முடிந்த நேரம். ஜனங்களுக்கு வீடு இல்லை. சிமெண்டு இல்லை, இரும்பு இல்லை. பந்தாட்ட மைதானத்துக்கு எங்கே போவது என்றார்கள். 1924-ல் செய்த மாதிரியே கிளப்கள் கையில் விட்டார்கள்.

1971 ஜனவரி 2-ந்தேதி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஐப்ராக்ஸ் மைதானப் படிக்கட்டில் நெரிசல். 66 பேர் பலி. அதன்பிறகுதான் அரசாங்கம் கண் விழித்தது. பெரிய மைதானங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் கட்டாயம் என்று 1975-ல் சட்டம் வந்தது. போல்டனில் 33 பேர் செத்து 29 வருஷம் கழித்து!

சட்டம் வந்தும் சாவு நிற்கவில்லை. 1985-ல் பிராட்போர்டு மைதானத்தில் தீ, 56 பேர் பலி. 1989-ல் ஹில்ஸ்பரோ நெரிசல். அதில் மாண்டவர்கள் தொகை 97. அங்கேயும் வெளியே பெருங்கூட்டம், திறந்துவிட்ட ஒரு வாசல், உள்ளே ஏற்கனவே நிரம்பிய இடம். 1946-ம் ஆண்டு அறிக்கையைப் படித்தவர்களுக்குத் தலை சுற்றியிருக்கும்.

படமும் பணமும்

இத்தனை நடந்தும் ஊர் ஜனம் மைதானத்தை வெறுக்கவில்லை. அடுத்த ஆட்டத்துக்கும் வந்தார்கள்.

எல்.எஸ். லவ்ரி என்ற ஓவியர் 1953-ல் பர்ண்டன் பார்க்கை வைத்து ஒரு படம் வரைந்தார். ஆட்டம் பார்க்கப் போகும் ஜனங்கள். குச்சி குச்சியாய் மனிதர்கள், காற்றில் குனிந்த தலைகள், பின்னால் ஆலைப் புகைபோக்கிகள். அந்தப் படம் 2022 அக்டோபரில் ஏலத்துக்கு வந்தது. 78 லட்சம் பவுனுக்கு விலை போயிற்று! சால்போர்டு நகரத்தில் அந்த ஓவியர் பெயரிலேயே உள்ள கலைக்கூடம் வாங்கியது. படத்தில் இருக்கும் ஆட்கள் ஆட்டம் பார்க்கக் கொடுத்ததோ சில்லறைக் காசு.

1955-ல் வந்த "தி லவ் மேட்ச்" என்ற சிரிப்புப் படத்தின் காட்சிகளையும் இங்கே எடுத்தார்கள். பந்தாட்டப் பைத்தியம் பிடித்த ரெயில்வேக்காரர்கள் கதை. பக்கத்திலேயே ரெயில் ஓடும் மைதானம் வேறு எங்கே கிடைக்கும்?

மேட்டில் மளிகைக்கடை

1958-ல் போல்டன் மறுபடி கோப்பை வென்றது. இறுதி ஆட்டத்தின் இரண்டு கோலும் லாப்ட்ஹவுஸ் போட்டது. அதற்குப் பிறகு இறங்குமுகம். ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. கிளப்பில் கடன் ஏறியது. கையில் காசு இல்லாதவன் மனையில் ஒரு பகுதியை விற்பது போல, 1986-ல் ரெயில்வே எண்டில் ஒரு பகுதியை விற்றார்கள். அங்கே ஒரு சூப்பர் மார்க்கெட் எழுந்தது. உள்ளே ஆட்டம் நடக்கிறது, கோல் போஸ்டுக்குப் பின்னால் கடையின் சுவர்! 1987-ல் கிளப் நான்காவது டிவிஷனுக்கே சறுக்கிவிட்டது.

பிறகு மெல்ல எழுந்தார்கள். ஆனால் காலம் மாறியிருந்தது. ஹில்ஸ்பரோ விசாரணைக்குப் பிறகு, மேல் டிவிஷன்களில் எல்லாருக்கும் இருக்கை வேண்டும் என்று உத்தரவு. பாதி மேட்டை விற்றுவிட்ட பழைய மைதானத்தில் அதை எப்படிச் செய்வது? பக்கத்தில் ஹார்விச்சில் புது மைதானம் கட்டினார்கள்.

1997 ஏப்ரல் 25-ந்தேதி வெள்ளிக்கிழமை இரவு கடைசி ஆட்டம். எதிர் அணி எது தெரியுமா? 1946 அரை இறுதியில் போல்டனைத் தோற்கடித்த அதே சார்ல்டன். முதலில் ஒரு கோல் வாங்கிய போல்டன், திருப்பி நாலு போட்டு 4-1 என்று ஜெயித்தது. கடைசி கோல் ஜான் மெக்கின்லே. முதல் டிவிஷன் கோப்பையையும் அன்றே கையில் வாங்கினார்கள். அந்த சீசனில் லீக் கோல்கள் சரியாக 100.

இரண்டு வருஷம் வெறுமனே கிடந்த மைதானத்தை 1999-ல் இடித்தார்கள். அந்த இடத்தில் பெரிய கடைகளும் கார் நிறுத்தும் இடமும் வந்தன. ஆஸ்டா சூப்பர் மார்க்கெட்டின் வெளிச் சுவரில், 1946 மார்ச் 9-ந்தேதி செத்துப்போன 33 பேரின் நினைவாக ஒரு பலகை பதித்தார்கள்.